கைப்பையில் இன்னொரு தொப்பி

ஹொக்கி ஆட ஐஸில் இறங்கியதும் கிளிபோட் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் நின்று கையசைத்தான். முன் வரிசையில் அன்ரனெற்றும் கரோலினும் இருந்தார்கள். அவன் சிரித்தது கரோலினைப் பார்த்துத்தான்.

அன்ரனெற் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். விடியக்காலைப் பனியில் மில்லிக்கன் வீட்டிலிருந்து காரோட்டி அவனைப் பயிற்சிக்குக் கொண்டுபோனவள் அவள். ஸ்கேற் நாடாவை இறுக்கி இறுக்கிக் காய்த்துப்போனவை அவளுடைய விரல்கள். இன்று அவன் சம்பளத்துக்கு ஆடும் ஹொக்கிக்காரன்; இன்றைக்கு நன்றாக ஆடினால் பெரிய லீக்குக்கு எடுத்துவிடுவார்கள். இந்த நேரம் பார்த்து வந்து குந்தியிருக்கிறாள் ஒருத்தி!

சண்டை முடிந்த மறுவருடம், வன்னியில் தப்பிப் பிழைத்தவளை கிளிபோட்தான் ஸ்பொன்சர் செய்து எடுத்தான். வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. காரில் முன் சீற் அவளுக்கு, புது ஜக்கெற் அவளுக்கு. அவளும் தன்னைப் போலவே இடக்கைக்காரி என்று அதைக்கூடப் பெருமையாகச் சொல்லித் திரிந்தான். அன்ரனெற் அவித்த புட்டு மேசையில் ஆறிப்போய்க் கிடந்தது.

முதல் கோல் விழுந்தது.

"ஆர் அடிச்சது?" என்றாள் கரோலின்.

"கிளிபோட்தான். பேசாமல் பார்."

இதுகூடத் தெரியாதவளுக்கு முன் சீற் ஒரு கேடா என்று அன்ரனெற் பல்லைக் கடித்தாள்.

இரண்டாவது கோலும் அவனே அடித்தான். அன்ரனெற் கைப்பையைத் திறந்து சிவப்புக் கம்பளித் தொப்பியை எடுத்தாள். ஒருவனே மூன்று கோல் அடித்தால், பார்க்க வந்த சனம் தொப்பிகளை ஐஸில் வீசி அவனைக் கொண்டாடும். அது ஹொக்கியில் பழைய வழக்கம். அந்த நாளுக்கென்றே அவள் வாங்கி வைத்திருந்த தொப்பி இது.

"உங்கடை தலையிலை ஒண்டு கிடக்கு. உது என்னத்துக்கு?"

"குளிருக்கு."

சொல்லிக்கொடுக்க அன்ரனெற்றுக்கு மனம் வரவில்லை. இந்த ஒரு சந்தோசமாவது தனக்கு மட்டும் இருக்கட்டும் என்று நினைத்தாள்.

ஆட்டம் முடிகிற நேரத்தில் மூன்றாவது கோல். அரங்கமே எழும்பிக் கத்தியது. மேல் வரிசைகளிலிருந்து தொப்பிகள் பறந்துவந்து கிளிபோட்டைச் சுற்றி விழுந்தன. ஒன்று அவன் தோளில் பட்டுத் தெறித்தது. அன்ரனெற் எழுந்து, சிவப்புத் தொப்பியோடு கையை ஓங்கினாள்.

ஓங்கிய கையை ஓர் இடக்கை இறுக்கிப் பிடித்தது. கரோலின் மற்றக் கையை மேல் வரிசைகளை நோக்கி வேண்டாம், வேண்டாம் என்று ஆட்டினாள். கண்ணீர் கன்னத்தில் வழிந்தது.

"நீங்களும் அவனுக்கு எறியாதேங்கோ அக்கா! நான் பெத்த பிள்ளை, உங்களை நம்பித்தானே சின்னனிலை அனுப்பினனான்!"