மாறாத அடி

"துரையைப் பழிச்சுப் பாடினியாம். முழுப் பாட்டையும் சொல்லு, எழுத வேணும்," என்றார் தேயிலைத் தோட்டத்துக் கிளாக்கர் சபாரத்தினம்.

கொழுந்து பறிக்கும் ராக்கம்மா அவர் மேசைமுன் நின்றாள். போன மாதம்தான் எதிர்த்துப் பேசிய ஒரு குடும்பத்தை லயத்து வீட்டைவிட்டே விரட்டியிருந்தார்கள். அவளுக்கு மூன்று பிள்ளைகள்.

"கொழுந்து கிள்ளையில சும்மா பாடுனதுங்கய்யா."

"ஒண்டையும் ஒளிக்காதை. கங்காணி எல்லாம் சொல்லிப்போட்டான்."

அவள் தொடங்கினாள். "மலையெல்லாம் கொழுந்தாச்சு, வாங்கடி பொண்டுகளே..."

"இந்த அடி திரும்பத் திரும்ப வருமோ?"

"ஆமாங்கய்யா. நான் ஒரு கண்ணி பாடுவேன். ஒடனே எல்லாரும் சேந்து இதைப் பாடுவாங்க. கண்ணிதான் மாறும், இது மாறாதுங்க."

"எத்தினை கண்ணி?"

"ஆறுங்க."

ஆறையும் பாடவைத்தார். துரையின் குடி, கங்காணியின் திருட்டு எல்லாம் வந்தன. அவர் நிமிராமல் இங்கிலீஷில் எழுதிக்கொண்டே போனார்.

புதிதாக வந்த வெள்ளைக்காரத் துரைக்குத் தமிழ் தெரியாது. அவர் வந்து தாளை வாங்கி வாசித்தபோது ராக்கம்மா கண்களை இறுக மூடிக்கொண்டாள். சிரிப்புச் சத்தம் கேட்டது. "குட், குட்," என்றபடி துரை போய்விட்டார்.

"என்னங்கய்யா எழுதுனீங்க?"

"மாறாத அடியை மட்டும் ஆறு தரம் எழுதினனான். இவையின்ர பாட்டு இவ்வளவுதான் எண்டும் எழுதினனான்."

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். வாசலுக்குப் போனவளை அவர் மெல்லக் கூப்பிட்டார்.

"பிள்ளை, மூண்டாம் கண்ணியில கிளாக்கருக்குக் கழுதை மூஞ்சி எண்டு பாடினியே, உண்மையாவே அப்பிடியோ இருக்கு?"