ஸ்டார் ஸ்க்ரூ

பங்களாக்காரர் தூண்களைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். கடைக்காரரின் கண் தாழ்ப்பாளில் இருந்தது.

முப்பது வருஷமாக ஆணியும் கீலும் விற்றவரைப் பழைய கட்டடம் பார்க்கக் கூட்டிப்போனால் இப்படித்தான் என்று காலையிலிருந்து மனைவி அதே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தாள். வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன அந்தச் சின்ன ஊரில் நீதிமன்றம், தபால் நிலையம், மணிக்கூண்டு என்று அவள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தாள். இவர் கதவுகளைத் தடவிக்கொண்டே வந்தார்.

தெருக்கோடியில் நின்ற பங்களாக்காரர்தான் இருவரையும் வலிய உள்ளே அழைத்தார். அறைகளை வாடகைக்கு விடுவதாகச் சொன்னார். பிடித்திருந்தால் இன்றே தங்கலாம் என்றார். பேச்சில் தேன் ஒழுகியது.

மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. பின்கட்டு அறைகளைப் பார்க்க முன்னாலேயே போய்விட்டாள்.

கடைக்காரர் முதல் அறையின் கதவை அசைத்துப் பார்த்தார். நல்ல தேக்கு. வெளிப்பக்கம் தடித்த பித்தளைத் தாழ்ப்பாள். உள்பக்கம் ஒன்றுமில்லை.

“எல்லாம் அந்தக் காலத்துல போட்டது சார். நாங்க ஒரு ஆணிகூட மாத்தல.”

கேட்காத கேள்விக்குப் பதில் வந்ததில் கடைக்காரருக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. தாழ்ப்பாளைப் பிடித்திருந்தவை அத்தனையும் ஸ்டார் ஸ்க்ரூ. அவர் கடையில் கிலோக் கணக்கில் போகிற இந்தக் காலத்துச் சரக்கு. இருநூறு வருஷத்துக் கதவுக்கு அது எங்கிருந்து வந்தது?

கதவின் உள்பக்கத்தைத் தடவினார். தாழ்ப்பாள் இருந்த ஓட்டைகளைப் பட்டி வைத்து அடைத்திருந்தார்கள். பட்டி இன்னும் காயவில்லை. நகம் இறங்கியது.

பக்கத்து அறையும் அப்படியே.

தங்க வருகிறவரை வெளியிலிருந்து அடைக்கிற விடுதி உலகத்தில் எங்கே இருக்கிறது? மனைவி இன்னும் பின்கட்டில்தான் இருந்தாள்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பின்கட்டை நோக்கி நடந்தார். பங்களாக்காரர் சிரித்த முகம் மாறாமல் நடையை மறித்தாற்போல நின்று, காபி வந்துகொண்டிருக்கிறது, உட்காருங்கள் என்றார்.

கடைக்காரர் மறுபடியும் கூப்பிட்டார். கூப்பிட்டார் என்ன, கத்தினார். எங்கோ ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அவருக்கு உயிரே போய்விட்டது.

மனைவி முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தாள். கடையில் அவசரம் என்று வாய்க்கு வந்த பொய்யைச் சொல்லி, அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியேறினார்.

ஊரைத் தாண்டி நெடுஞ்சாலையில் கார் ஏறிய பிறகுதான் மூச்சு சீரானது. தப்பித்தோம் என்று வாய்விட்டே சொன்னார். மனைவி ஜன்னல் பக்கம் திரும்பி உம்மென்று உட்கார்ந்திருந்தாள்.

“மானம் போச்சு. வெளியில தாழ்ப்பாள் போட்டிருக்கே, காலி ரூம்னு நெனச்சு அந்தக் கடைசி ரூமைத் திறந்துட்டேன். உள்ள ஒரு அம்மா. இன்னைக்கு என்ன கிழமைன்னு கேட்டாங்க, பாவம். நீங்க கத்துன கத்துல பதில்கூடச் சொல்லாம வந்துட்டேன்.”