மூன்று நிமிடத் தொடக்கம்

“ஏங்க, சாமியார் யாருக்காகவும் காத்துக்கிட்டு நிக்க மாட்டாரு. நீங்க வரலன்னா உங்களுக்குப் பதிலா எங்க சித்தப்பா மவன் ரெக்சனை நிக்க வச்சிருவாவ. பொறவு அண்ணன் உங்க மூஞ்சில முழிக்காது,” என்றாள் மெட்டில்டா, ஹை ஹீல்ஸை மாட்டிக்கொண்டே. வாசலில் கார் நின்றது.

“இந்தா, படத்தோட ஆரம்பம் மட்டும். மூணே நிமிஷம்,” என்றார் விக்டர்.

இன்றைக்கு மாதா கோயிலில் மச்சான், அதாவது மெட்டில்டாவின் அண்ணன், பிள்ளைக்கு ஞானஸ்நானம். ஐந்து வருடம் பேச்சுவார்த்தை இல்லாமல் கிடந்த மச்சான், தானே வீடு தேடி வந்து, ஞானத்தகப்பனாக நிற்கச் சொல்லிக் கேட்டிருந்தார். அன்றைக்கு விக்டர் அழுதேவிட்டார். அதற்கென்று தைத்த கோட்டோடுதான் இப்போது டிவி முன்னால், ரிமோட்டும் கையுமாக நிற்கிறார்.

ஹாலில் உலக சினிமா மன்றம் கூடியிருந்தது. விக்டர், காசிலிங்கம், ஜாய்சன் என்று உறுப்பினர்கள் மொத்தமே மூன்று பேர்தான். பழைய கறுப்பு வெள்ளைக் கொலைப்படம்.

விக்டர் திரும்பத் திரும்ப ஓட்டி விளக்கியதில் டைட்டிலுக்கே அரை மணி நேரம் ஆனது. எழுத்துகள் சாய்ந்து வருகின்றனவாம். எல்லோரும் வழி தவறியவர்கள் என்று அர்த்தமாம். ஒளிப்பதிவாளர் பெயர்மேல் விழும் ஜன்னல் நிழல் சிறைக்கம்பியாம். பாவம், அந்த மனுஷன் ஒரு குற்றமும் செய்யவில்லை.

பிறகு கேமரா. அது தரையோடு கிடந்து ஈரத்தெருவைப் பார்த்தது. பிணத்தின் பார்வை என்றார் விக்டர். யார் பிணம் என்று கேட்ட காசிலிங்கத்தை அவர் முறைத்த முறைப்பில், மனிதர் வாயிலிருந்த மக்ரூனை அப்படியே விழுங்கிவிட்டார்.

அடுத்தது சத்தம். விக்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

ஹை ஹீல்ஸ் ஒன்று டக் டக்கென்று நடந்து போனது. கேட் கிறீச்சிட்டது. ஒரு கார் கிளம்பி, நின்று, இரண்டு முறை ஹாரன் அடித்து, அப்புறம் போயே போய்விட்டது.

“கேட்டியளா! ஆளையே காட்டாம, ஒருத்தி மனசு விட்டுப்போயி கெளம்புததைச் சத்தத்துலயே சொல்லுதான் பாருங்க!”

அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. எத்தனையோ முறை பார்த்த படம். இந்தச் சத்தங்கள் இன்றைக்குத்தான் காதில் விழுகின்றன. ரசனை வளர்ந்திருக்கிறது என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டார்.

அந்த ஹாரனுக்கு மட்டுமே நெடுநேரம் பொருள் சொன்னார். முதல் ஹாரன் கெஞ்சலாம், இரண்டாவது சாபமாம். மற்ற இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தூரத்தில் மணி அடித்தது.

“ஆகா! கடைசியில மணியை வச்சான் பாருங்க!” விக்டருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஜாய்சன்தான் மெதுவாகத் தொண்டையைச் செருமினான்.

“அண்ணே, டைட்டில் ஓடும்போதே நீங்க படத்தை ம்யூட்ல போட்டுட்டியளே.”

மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. மாதா கோயிலில், பிள்ளை தலையில் தண்ணீர் ஊற்றி முடித்ததும் அடிக்கிற மணி.