நீ இல்லாமல் ஓடுமா?

ஓசூர் தொழிற்சாலையின் மேனேஜர் வெங்கடப்பனுக்கு, கம்ப்யூட்டர் பிரிவு சுசித்ராவின் மேல் சந்தேகம் விழுந்துவிட்டது.

"கிளவுட் டேட்டாபேஸே போதும்னு நான் சொல்றேன். நீ ஏம்மா அந்த லோ-கோட் பிளாட்ஃபார்முக்கு ஒத்தக் கால்ல நிக்கற?"

"டேட்டாபேஸ்னா புரோகிராம் எழுத நான் வேணும் சார். இதுல புரோகிராமே எழுதாம ஸ்டோர்ஸ், பில்லு, டெஸ்பாட்ச் எல்லாத்தையும் மவுஸால கோடு இழுத்தே இணைச்சுடலாம். ஸ்டோர்ஸ் கோபியே பாத்துக்குவார். நான் தேவையில்ல."

புரோகிராம் தெரிந்தவள் அங்கே அவள் ஒருத்திதான். தன் பிழைப்பில் தானே மண்ணள்ளிப் போட எவளாவது இப்படித் துடிப்பாளா? போதாக்குறைக்கு, கொஞ்ச நாளாகப் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்க் குசுகுசுவென்று பேச்சு வேறு. கமிஷனேதான்!

"மறைக்காம சொல்லும்மா. அந்த பிளாட்ஃபார்மை விக்க வந்தவன் உனக்கு எவ்வளவு தரேன்னான்?"

சுசித்ராவின் முகம் சிவந்தது.

"மூணாவது மாசம் சார். இன்னும் எங்க வீட்ல மட்டும்தான் தெரியும்."

"அட, நல்ல சேதிதானே! அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"போன பிரசவத்துல, வலி எடுத்து கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில கத்திட்டுக் கிடந்தேன். அவசரமாம்னு நர்ஸ் என் காதுல போனை வெச்சாங்க. பாகலூர் லோடுக்கு பில்லு வரலைன்னு நீங்கதான் சார் லைன்ல இருந்தீங்க!"