குறி தவறாத துப்பாக்கி

வனக்காவலர் தேன்மொழிக்குப் பழைய துப்பாக்கி ஒத்துவரவில்லை. சுட்டதும் அது தோளில் இடிக்கும். அந்த இடிக்குப் பயந்து, விசையை அழுத்தும்போதே அவள் கை உதறிவிடும். குண்டு எங்கோ போகும். இப்போது கொடுத்திருக்கும் புதிய துப்பாக்கி இடிப்பதே இல்லை. விசையை அழுத்தியபின் கை உதறினாலும், குழாய் தானாகவே முதலில் பார்த்த குறிக்குத் திரும்பி, அதன்பிறகுதான் சுடும். வந்த நாளிலிருந்து ஒரு குண்டுகூட வீணாகவில்லை.

அன்று காலை, ஆட்களை முட்டித் திரிந்த காட்டுப்பன்றி மாதப்பனின் மக்காச்சோளக் காட்டுக்குள் நின்றது.

"உட்ராதீங்க அம்மிணி. நேத்து எஞ் சம்சாரத்தையே முட்டித் தள்ளிருச்சு" என்று சொல்லிவிட்டு மாதப்பன் வரப்போரம் ஒதுங்கினார்.

தேன்மொழி காத்திருந்தாள். பன்றி பக்கவாட்டில் திரும்பியதும் விசையை அழுத்தினாள். அதே நொடியில் பன்றிக்குப் பின்னால் பயிர் விலகி, பன்றி தப்பாமல் மறிக்கச் சுற்றி வந்திருந்த மாதப்பன் நிமிர்ந்தார்.

விரலை எடுக்க நேரமில்லை. இருந்த பலத்தையெல்லாம் கூட்டித் துப்பாக்கியை வானத்துக்குத் தூக்கினாள். அது அவள் கைக்குள் திமிறியது. குழாய் கீழே இறங்கி, பழைய குறியிலேயே நின்று சுட்டது. தோளில் சிறு அதிர்வுகூட இல்லை.

குண்டு பன்றியைத் துளைத்து மாதப்பனின் தொடையில் பாய்ந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அவள் அவர் கட்டிலருகே வந்து நின்றாள். மாதப்பன் மெல்லக் கேட்டார்.

"நீங்க மேல தூக்குனத நாம் பாத்தனுங்க அம்மிணி. அப்பறம் ஏனுங்க கீழ எறக்குனீங்க?"