சிவப்பு அட்டை

அவள் மூட்டையைத் தரையில் கவிழ்த்தாள்.

பிழை இருந்தாக வேண்டும்.

நடுக்கடலில் நிற்கும் எண்ணெய் மேடையிலிருந்து காலையில் படகு வந்திருந்தது. மேடையின் குப்பையெல்லாம் துறைமுகக் கொட்டகையில் இறங்கியிருந்தது. நீல மூட்டையில் பிளாஸ்டிக். கறுப்பில் எண்ணெய்த் துணி. கலந்து கட்டினால் சிவப்பு அட்டை. அட்டை தொங்கும் மூட்டை, கட்டியவனிடமே திரும்பிப் போகும்.

கட்டுபவன் அவள் கணவன். கொட்டகையில் பிரித்துச் சரிபார்ப்பவள் அவள்.

கிளம்பும் அன்று சண்டை. வீட்டுக் குப்பையைத் தெருமுனைக்கு யார் கொண்டுபோவது என்று. இருவருக்கும் பிழைப்பே குப்பை. அதனால் இருவரும் மாட்டேன் என்றார்கள். அவன் சொல்லாமல் கொள்ளாமல் படகேறினான்.

மேடையில் போன் உண்டு. அவன் பேசவில்லை.

அவளும் பேசவில்லை. சிவப்பு அட்டைதான் அனுப்பினாள். ஒரு கையுறைக்கு. ஒரு பேட்டரிக்கு. ஒருமுறை, வெறும் நூல்கண்டுக்கு.

“பாவம்க்கா அண்ணன். ஒரே குப்பைய எத்தன தடவ கட்டுவாரு?” எதிரே தரம் பிரித்துக்கொண்டிருந்த ரெஜினா கேட்டாள்.

“வீட்டுல ஒரு தடவ எடுத்திருந்தா, அங்க இத்தன தடவ கட்ட வேணாம்ல?”

ரெஜினா சிரித்த சிரிப்பில் கிரேன் ஓட்டுகிறவர் எட்டிப் பார்த்தார்.

இன்றைய மூட்டையில் பிழை இல்லை.

பாட்டில்கள் கழுவி நசுக்கப்பட்டிருந்தன. மூடிகள் தனிப் பையில். ஒரு துணி இழைகூட இல்லை.

அவள் குவியலை மறுபடி கிளறினாள். இத்தனை சுத்தமாகக் கட்டுகிறவன், இனி உன்னோடு பேச ஒன்றுமில்லை என்கிறானா?

கடைசியாக ஒரு ஊறுகாய் டப்பா. கழுவிக் காயவைத்தது. இது மட்டும் நசுக்கப்படவில்லை.

குலுக்கினாள். சத்தம் வந்தது.

உள்ளே ஒரு சாக்லேட். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டோடு மேடையில் கொடுப்பது. தின்னாமல் வைத்திருந்து, ஊருக்கு வரும்போது அவளுக்குக் கொண்டுவருவான்.

உறை பிரிக்கப்படவில்லை.

“திங்கிற பொருளு! நீல மூட்டையில வரவே கூடாது.” ரெஜினா சிவப்பு அட்டையை எடுத்து நீட்டினாள். கண்ணெல்லாம் குறும்பு.

அவள் கையுறையைக் கழற்றினாள். உறையைப் பிரித்தாள். பாதியை ரெஜினாவின் வாயில் திணித்தாள்.

மீதியை மெதுவாக மென்றாள்.

உறை பிளாஸ்டிக்தான். மூட்டையில் போட்டாள்.

பிறகு எல்லாவற்றையும் அள்ளி, அட்டை மாட்டாமல், மூட்டையைத் தானே கட்டினாள்.