கண்ணாடியில் ஒட்டிய பொட்டு

பிரெஞ்சுத் தலைநகரில், மார்க்ஸ் டோர்மோயில் தனியாக வசிக்கும் ஆர்த்திகா, படுக்கும்முன் மெரூன் ஒட்டுப்பொட்டை எடுத்துக் குளியலறைக் கண்ணாடியில் ஒட்டிவைப்பாள். ஒரு மாதமாக, காலையில் அது இருப்பதில்லை.

ஆர்க்டிக்கில் செத்த கடற்பறவைகளின் வயிற்றிலிருந்து பிளாஸ்டிக்கைப் பொறுக்குவது ஆய்வகத்தில் அவள் வேலை. இன்றைய பறவை ஆறு வருடமாக ஃப்ரீசரில் இருந்தது. உடம்பில் குளிர் தாங்கக் கொழுப்பில்லை. வயிற்றில் ஒரு மீன்முள்கூட இல்லை. முப்பது மெரூன் பொட்டுகள் இருந்தன. ‘பிளாஸ்டிக், முப்பது’ என்று எழுதினாள்.

மாலையில் லா ஷப்பல் மீன்கடையில் ஒரேயொரு துண்டு கேட்டாள்.

“ஒண்டு காணுமோ, தங்கச்சி? வீட்டில வேற ஆக்கள் இல்லையோ?” என்றார் கடைக்காரர்.

“ஒருத்தங்க சாப்பிட வர்றாங்கண்ணா.”

பொட்டை வழக்கம்போல ஒட்டி, மீனை அதன் கீழே வைத்துவிட்டுப் படுத்தாள்.

காலையில் பொட்டு அப்படியே இருந்தது. மீனைக் காணவில்லை.